வன்னி வெயிலும் தாடி ஓணானும்

"எங்கட வெயிலுக்கு அதுக்கு லைற் என்னத்துக்கு?" பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணான் ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது என்றால் வன்னியில் முதலில் விழும் கேள்வி இதுதான். கேட்பவரிலும் பிழை சொல்ல முடியாது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வரண்ட நிலத்துப் பிராணி அது. கல்லிலும் வேலிக்கட்டையிலும் ஏறிக் கிடந்து வெயில் காயும். எங்கள் கதியாலில் இருந்து தலையாட்டும் ஓணானுக்கு ஒரே குடும்பத்துச் சொந்தம். சித்திரை மாதத்து மதியத்தில் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று பார்த்த எவரும் இந்த ஊருக்கு இன்னும் சூடு வேண்டும் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் இந்தக் கேள்வி பாதிதான் சரி. மற்றப் பாதி அந்த விலங்கின் எலும்பை உருக்கிவிடும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் மச்சான் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, அங்கே செய்வதை இம்மி பிசகாமல் இங்கே செய்கிறவர்கள். அவர்கள் சொல்வதும் பாதி சரி. பிராணியைச் சூட்டிலேயே வேகவைப்பது அவர்களுடைய மற்றப் பாதி.

வளர்ந்த தாடி ஓணான் வாலோடு 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரும். நன்றாகப் பார்த்தால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கும். கொழும்பில் வளர்த்தவர் வெளிநாடு போகிறார், அவசரமாக ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற மாதிரித்தான் பெரும்பாலும் இது கைமாறும். அப்படி வருவதானால் விலங்கோடு அதன் அனுமதிக் கடிதங்களும் வரவேண்டும். வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் விடயம். கடிதம் இல்லை என்றால், பொறுப்பெடுக்க முன்னர் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்று ஆனபிறகு காட்டில் கொண்டுபோய் விடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அது பிராணிக்கும் கேடு, காட்டுக்கும் கேடு.

குளிர்ப்பக்கம் எங்கே?

வெளிநாட்டு அறிவுரை எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லப்படாத ஒரு விடயம் கிடக்கிறது. அங்கே வீட்டு அறை 18, 20 பாகை செல்சியஸில் இருக்கிறது. அதனால்தான் மூன்று பக்கமும் பலகை அடித்து, முன்னுக்குக் கண்ணாடி போட்டு, மேலே சிறிய காற்றுத்துளை மட்டும் விட்ட பெட்டி. விட்ட சூடு வெளியே போகக்கூடாது என்பதே அந்தப் பெட்டியின் வேலை. பல்ப் நிற்கும் பக்கத்தில் விலங்கு கிடக்கும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை, மறு பக்கத்தில் காற்று 24 முதல் 28 பாகை. இந்த இரண்டு எண்களும் எந்த வீடியோவிலும் வரும். பார்க்கிறவர்கள் முதல் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் காசு கொடுத்து வாங்குகிற சாமான் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான். இரண்டாவது எண் அந்த நாடுகளில் சும்மா கிடைக்கிறது. இங்கே அதுதான் கிடைக்காது.

தகரக் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்குத் தேர்மோமீற்றரை அறை நடுவில் வைத்தாலே 35, 36 காட்டும். அதற்குள் மூடிய பெட்டி, பெட்டிக்குள் 75 வாற் பல்ப். அப்போது குளிர்ப்பக்கம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் மூலையும் 38ஐத் தொடும். தாடி ஓணான் தன் உடலை 35 பாகைக்குக் கிட்ட வைத்திருக்கத்தான் விரும்புகிறது. அதற்கு வியர்வை இல்லை. சூடு வேண்டுமானால் கல்லுக்குப் போகும், போதுமானால் நிழலுக்குப் போகும். அதன் உடல்நலம் முழுவதும் இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. போக இடமில்லாவிட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பெட்டியின் அடியைப் பிறாண்டும், சாப்பாட்டை விடும். கல்லின் மேல் கிடக்கும்போது வாயைத் திறந்து வைத்திருப்பது சாதாரணம், மேலதிகச் சூட்டை அப்படித்தான் விடுகிறது. குளிர் மூலையில் ஒதுங்கி நின்று வாயைத் திறந்தால் ஒன்றில் பெட்டி கொதிக்கிறது, அல்லது மார்பில் நோய். ஒரு நாளைக்கு ஒரு விடயம்தான் பார்க்க நேரம் என்றால் மதியம் இரண்டு மணிக்கு இதைப் பாருங்கள். ஆக, லண்டனில் இருக்கிறவருக்குச் சூட்டை உண்டாக்குவது பிரச்சினை, வன்னியில் இருக்கிறவருக்குச் சூட்டைக் கழிப்பது. பெட்டியை அந்தக் கணக்கில் அடிக்க வேண்டும்.

அளவில் சலுகை இல்லை: வளர்ந்த விலங்குக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் குறைந்தபட்சம். 12 மில்லிமீற்றர் பிளைவூட் எட்டுக்கு நாலு தாள் ஒன்று வாங்கினால் இதற்குப் போதும். நாலுக்கு இரண்டு துண்டாக நாலு வரும். ஒன்று அடித்தளம், ஒன்று முதுகு. மூன்றாவதை நடுவில் வெட்டினால் இரண்டுக்கு இரண்டு துண்டு இரண்டு: ஒன்று சூட்டுப்பக்கச் சுவர், மற்றது சூட்டுப்பக்கத்துக் கூரைப் பாதி. குளிர்ப்பக்கச் சுவர், குளிர்ப்பக்கக் கூரை, முன் கதவுகள் எல்லாம் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை. நுளம்பு வலை வேண்டாம், நகம் மாட்டும், கிழியும். நாலாவது துண்டையும் இரண்டாக வெட்டி, கொளுக்கி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ப்பக்கச் சுவருக்கும் கூரைக்கும் மாரியில் மாட்டி, கோடையில் கழற்றும் மூடிகள் அவை. சூட்டுப் பல்ப் வரும் இடத்தில் கூரைப் பலகையில் எட்டங்குல ஓட்டை வெட்டிக் கம்பிவலை அடித்து, பீங்கான் ஹோல்டரில் பல்பை வெளியே, வலைக்கு மேலே நிறுத்த வேண்டும். பிளாஸ்ரிக் ஹோல்டர் சில மாதத்தில் இளகி வளையும், பிறகு பலகை கருகும். குஞ்சாக இருந்தால் முன்வலையின் அடிப்பகுதிக்கு ஓரடி உயரத்துக்குக் கால் அங்குல வலை சேர்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் ஓணானும் வரும் வெளியே, பூச்சியும் வரும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் பெட்டி அளவுக்கு முக்கியம். தகரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். கிடுகு வேய்ந்த தலைவாசலோ, சீலிங் அடித்த வடக்குப் பக்கத்து அறையோ இருந்தால் அதுவே இடம். குசினிப் புகை படாத தூரமாக இருக்க வேண்டும். நுளம்புத்திரி கொளுத்தும் அறையில் இதை வைக்கவே கூடாது. மேசை உயரத்தில் வைத்தால் நாய் பூனை எட்டாது, விலங்கும் நம்மை மேலிருந்து பாயும் பருந்தாக நினைத்துப் பயப்படாது. மேசைக் கால்களை எறும்புக்காகக் கிண்ணத்தில் நிறுத்துவது நம் வீடுகளில் பழைய பழக்கம், இதற்கும் அது வேண்டும். தூங்கும் ஓணானின் கண்ணோரத்தைச் செவ்வெறும்பு கடித்துக் குதறிவிடும். கிண்ணத்தில் வெறும் தண்ணீர் விட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும். பழைய என்ஜின் ஒயில் ஊற்றுங்கள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் தேவையில்லை. தரைக்குப் பழைய பத்திரிகை, அல்லது தரை ஓடு (ரைல்), சொரசொரப்புப் பக்கம் மேலே வரும்படி. மணல் போடாதீர்கள், அதிலும் குஞ்சுக்கு. பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைக்கும். சூடு காய இரண்டு செங்கல் அடுக்கினால் 15 சென்ரிமீற்றர் மேடை வந்துவிடும், செங்கல் சூட்டைப் பிடித்தும் வைக்கும். ஏறுவதற்கு விறகுக்கட்டில் கிடக்கும் பாலைக் கொம்பு நல்லது. கொதிதண்ணி ஊற்றிக் கழுவி, நாலு நாள் வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். அலரி, எருக்கலை, திருகுகள்ளி மூன்றும் நஞ்சு, பெட்டிக்குள் வரக்கூடாது. குளிர்ப்பக்கத்தில் பாதியாக உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் ஒளிக்க இடம்.

வெயிலா, ரியூப்பா?

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். லைற் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்வதில்தான் குழப்பம். சூடு கொடுப்பது ஒன்று, யூவீபி என்ற, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் கொடுப்பது இன்னொன்று. வெயிலில் இரண்டும் சேர்ந்து வருவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. யூவீபி கதிர் தோலில் பட்டால்தான் அங்கே விற்றமின் டி3 உருவாகத் தொடங்கும். டி3 இருந்தால்தான் குடல் கல்சியத்தை உறிஞ்சும். உறிஞ்சாவிட்டால் இரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே கழற்றி எடுக்கும். தாடை ரப்பர் போல இளகும், முன்கால் வளையும், விரல் துடிக்கும், முதுகு நெளியும். இந்த எலும்பு நோய் மெதுவாக வருகிறது. வெளியே தெரியும்போது பாதித் தூரம் போயிருக்கும், வளைந்த எலும்பு பிறகு நிமிராது. யன்னலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தால் வெயில் படுகிறதே என்றால், வெளிச்சமும் சூடும் படுகின்றன, யூவீபி கண்ணாடியில் நின்றுவிடுகிறது. வெக்கையான அறையும் பளிச்சென்ற யன்னலும் இருந்தும் தாடை இளகிய ஓணான் இப்படித்தான் உண்டாகிறது.

திறந்த வெளி வெயில் வேறு விடயம். அதை மிஞ்சிய ரியூப் கிடையாது. வன்னி கிட்டத்தட்ட 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, நடுப்பகல் யூவீ சுட்டெண் பத்தைத் தாண்டும். தாடி ஓணானுக்கு ஏற்றது 3 முதல் 6 வரை. முகில் இல்லாத நாளில் காலை எட்டு மணிக்கு இரண்டளவில் தொடங்கி ஒன்பதரைக்குள் அந்த அளவு முழுவதும் வந்துபோகும். எனவே எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம், முற்றத்தில் கம்பிவலைக் கூட்டில். கூட்டின் பாதிக்குக் கிடுகோ சாக்கோ போட்டு நிழல் விட வேண்டும். கண்ணாடித் தொட்டியிலோ பிளாஸ்ரிக் வாளியிலோ வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் செத்துவிடும். மேலே மூடி இல்லாத கூடும் ஆகாது. காகம் ஒன்று போதும், கீரி வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ரியூப் எதற்கு? மாசியிலிருந்து புரட்டாதி வரை ஒவ்வொரு நாளும் காலையில் வெளியே விட ஆள் இருக்கிற வீட்டில் ரியூப் ஒரு காப்பு மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஐப்பசி பிறந்தால் கிழமைக்கணக்கில் வானம் திறக்காது. வளரும் குஞ்சுக்கு அந்த இடைவெளியே போதும் எலும்பைக் கெடுக்க. அதனால் வாங்கத்தான் வேண்டும், வாங்கினால் சரியானதை வாங்க வேண்டும். சுருள் வடிவக் குண்டு பல்புகள் இவ்வளவு பெரிய பெட்டிக்குப் போதாது. ரி5 எச்ஓ என்று விற்கும் மெல்லிய நீள ரியூப், யூவீபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டது, ஒளிதெறிப்பான் தகடோடு. 24 வாற் ரியூப் 55 சென்ரிமீற்றர் நீளம், 39 வாற் 85 சென்ரிமீற்றர். நாலடிப் பெட்டிக்கு 39 வாற் நல்லது. பெட்டியின் முழு நீளத்துக்கும் போடாதீர்கள், குளிர்ப்பக்கத்தில் யூவீ இல்லாத இடமும் இருக்க வேண்டும். சூட்டுப்பக்கத்திலிருந்து தொடங்கிக் கூரையின் உட்பக்கத்தில் பொருத்தி, செங்கல் மேடையில் கிடக்கும் விலங்கின் முதுகுக்கும் ரியூப்புக்கும் இடையில் 35 சென்ரிமீற்றர் அளவு விடுங்கள். வலைக்கு மேலே வைத்தால் கதிரில் ஒரு பகுதி வலையிலேயே போய்விடும். வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். வெளிச்சம் அப்படியேதான் எரியும், யூவீபி குறைந்துபோவது கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய திகதியை மார்க்கர் பேனையால் ரியூப்பின் நுனியிலேயே எழுதி வையுங்கள்.

உறவினர் அனுப்பும் சாமானில் ஒரு கண்ணி. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, எங்களுடையது 230. கனடாவிலிருந்து வரும் ரியூப்பை இங்கே எரிக்கலாம், அதோடு வரும் ஃபிற்றிங்கைச் செருகினால் உள்ளே இருந்து ரியூப்புக்கு மின்சாரத்தை அளவாகக் கொடுக்கும் பாலாஸ்ட் அந்த நிமிடமே புகையும். வெப்பப் பல்பும் அப்படித்தான். இங்கிலாந்துச் சாமானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கனடா மச்சானிடம் கேட்பதானால் ரியூப்பை மட்டும் கேளுங்கள், 230 வோல்ற்று ஃபிற்றிங்கை வேறாகத் தேடுங்கள்.

வெப்பப் பல்புக்கு 50 வாற் ஹலஜனில் தொடங்குங்கள். எல்ஈடி சூடு தராது. கோழிக்குஞ்சுக்குப் போடும் பெரிய சிவப்புப் பல்ப் விவசாயக் கடையில் இலேசாகக் கிடைக்கும், ஆனால் 175 வாற்றுக்கு மேலே போகும் அது இந்தப் பெட்டிக்கு அடுப்பு. எரியவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, மேற்பரப்புச் சூட்டை அளக்கும் துப்பாக்கித் தேர்மோமீற்றரைச் செங்கலுக்குக் காட்டிப் பாருங்கள். 40க்குக் கிட்ட வரவேண்டும். குறைவென்றால் செங்கல் ஒன்று கூட்டுங்கள், கூடினால் பல்பை உயர்த்துங்கள். கோடையில் அறை 34ஐத் தாண்டும் நாட்களில் இந்தப் பல்ப் மட்டும் காலை ஏழிலிருந்து பதினொன்று, பிறகு பின்னேரம் மூன்றரையிலிருந்து ஐந்தரை என்று ரைமரில் பிரித்து எரியட்டும், யூவீபி ரியூப் இடையிலும் எரியலாம். இரவில் எதுவும் வேண்டாம். 18 பாகைக்குக் கீழே போனால்தான் இரவுச் சூடு தேவை, வன்னியில் தை மாதத்து விடியற்காலையும் அந்த அளவுக்கு இறங்குவது அருமை. வெளிநாட்டுப் பட்டியலில் இருக்கும் இரவு ஹீற்றர், சூட்டுப்பாய், சூட்டுக்கல் மூன்றையும் வெட்டிவிடலாம். மிஞ்சும் காசை ரியூப்பில் போடுங்கள்.

கணவாய் ஓடும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

யூவீபி சரியாக இருந்தும் சாப்பாட்டில் கல்சியம் இல்லாவிட்டால் பிரயோசனம் இல்லை. பூச்சிகளில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் சொற்பம். தேவையோ மறுபக்கம், கல்சியம் இரண்டு பங்குக்குப் பொஸ்பரஸ் ஒரு பங்கு. அதனால்தான் பூச்சியை மாவில் புரட்டிக் கொடுக்கிறோம். கடையில் விற்கும் ஊர்வனக் கல்சிய மாவு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். முல்லைத்தீவுக் கரையிலும் அளம்பில் பக்கமும் ஒதுங்கும் கணவாய் ஓடும் அதேதான். பொறுக்கி வந்து, தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று நாலு நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, காயவைத்து, மேலோட்டை விட்டு உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைச் சுரண்டி, மாவரியில் அரித்தால் ஒரு போத்தல் மாவு. அவித்துக் காயவைத்து நைசாக அரைத்த முட்டைக்கோதும் ஆகும். ஆகாதது வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் கல்சியம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது ஐதரொட்சைட்டு. வாயையும் குடலையும் அரித்துப் புண்ணாக்கும். குஞ்சுக்குக் கிழமையில் ஐந்து நாள் கல்சிய மாவு, ஒரு நாள் டி3 சேர்ந்த பல்விற்றமின் மாவு. வளர்ந்ததற்குப் பூச்சி கொடுக்கும் நாளில் மட்டும். ஒரு தூவல் போதும், பூச்சி தெரியாத அளவுக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லை.

பூச்சி வன்னியில் தட்டுப்பாடில்லை, அதிலேயே ஆபத்து. பெரும்போகமோ சிறுபோகமோ, வயலில் மருந்தடிக்காத கிழமை அருமை. அந்த வயல் வெட்டுக்கிளியைப் பிடித்துக் கொடுப்பது மருந்தைக் கொடுப்பதற்குச் சமம். சுவர்க்கோழியை வீட்டிலேயே பெருக்குங்கள். வளவில் கல்லுக்கும் சருகுக்கும் கீழே இருபது முப்பது பிடித்து, 50 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியில் முட்டை அட்டைகளை நிறுத்தி, மூடியில் வலை வைத்து விடுங்கள். ஒரு கோப்பையில் ஈரமான தும்புத்தூள் வைத்தால் அதில் முட்டையிடும். எங்கள் அறைச்சூட்டில் இரண்டு கிழமைக்குள் பொரிக்கும், ஆறு முதல் எட்டுக் கிழமையில் முழுசாகும். பெட்டி வேர்த்தால் சாகும், காற்று வேண்டும். பிடித்து வந்த முதல் தலைமுறையைக் கொடுக்காதீர்கள். இரண்டாம் தலைமுறையிலிருந்து கொடுத்தால் மருந்தும் குடற்புழுவும் பெருமளவு கழிந்துவிடும். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பு முருங்கையிலையும் பூசணியும் தின்னவிடுங்கள், பூச்சி தின்றதுதான் ஓணானுக்குப் போகிறது. அளவு, ஓணானின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குஞ்சுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தரம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னக்கூடிய அளவு. வளர்ந்ததற்குக் கிழமையில் இரண்டு மூன்று நாள், பத்துப் பன்னிரண்டு. மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவில் சுவர்க்கோழி ஓணானின் விரலைக் கடிக்கும். பல்ப் எரிந்து ஒரு மணித்தியாலம் கழித்து முதல் சாப்பாடு, அணைவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பு கடைசிச் சாப்பாடு. சூடில்லாமல் அதற்குச் சமிக்காது.

மின்மினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் மின்மினி தின்று தாடி ஓணான்கள் இறந்தது மிருக வைத்தியத்தில் பதிவான விடயம், அதற்கு ஒரு பூச்சியே போதும். மாரி இரவில் குளக்கரை முழுக்க மின்னும் ஊர் எங்களுடையது. சிறுவர்கள் பிடித்துக்கொண்டு வந்து ஆசையாக நீட்டுவார்கள். அவர்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.

வளர வளரத் தட்டு இலைக்கு மாறும். குஞ்சில் முக்கால்வாசி பூச்சி என்றால் ஒன்றரை வயதில் முக்கால்வாசி இலை. முருங்கையிலை, செவ்வரத்தம்பூவும் அதன் இளம் இலையும், துருவிய பூசணிக்காய், பொடியாக வெட்டிய பயற்றங்காய் ஆகியவை மாறி மாறி வரட்டும். மன்னார்க் கரைப்பக்கம் கிடைக்கும் நாகதாளி மடலை முள் முழுவதும் தணலில் வாட்டி, சுரண்டி, தோல் சீவிக் கொடுக்கலாம், கல்சியம் நிறைய. பசளியும் தண்டுக்கீரையும் பொன்னாங்காணியும் நமக்கு நல்ல கீரைகள், ஆனால் அவற்றிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும். எப்போதாவது ஒரு பிடி, அவ்வளவுதான். வெங்காயம், உள்ளி, அவகாடோ கூடாது. பப்பாளித்துண்டு கிழமைக்கு ஒன்று, பிரியத்துக்கு.

மாரி

கோடைக்கு அடித்த பெட்டி மாரியில் சோதனைக்கு வரும். இந்த விலங்குக்கு ஏற்ற ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம், 55 வரை தாங்கும். வாடைக்காற்றோடு மழை பிடித்தால் வன்னியில் 85க்குக் கீழே இறங்காத நாட்கள் வரும். ஈரத்தை உறிஞ்ச அரிசி மூட்டை, உப்பு மூட்டை என்று பெட்டிக்குள் வைப்பதில் பயனில்லை, திறந்த வலையால் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். செய்ய வேண்டியது காற்றைச் சூடாக்குவது. 25 பாகையில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அதே காற்று 32 பாகைக்குச் சூடானால் 57 சதவீதம்தான் காட்டும். ஒரு துளி நீரும் வெளியே போகாமலே விலங்கின் மூக்குக்குப் போகும் காற்று காய்ந்துவிடும். அதனால்தான் அந்த இரண்டு மூடிகள். ஐப்பசியில் அவற்றை மாட்டி, மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, 50 வாற் பல்பை 75 ஆக்கி, பகல் பன்னிரண்டு மணித்தியாலமும் எரியவிடுங்கள். தண்ணிக் கோப்பையைப் பல்புக்குத் தூரமாகக் குளிர்ப்பக்கம் மாற்றுங்கள். பத்திரிகையை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். தாடி ஓணானை மாரியில் கொல்வது குளிர் அல்ல, நனைந்த தரையும் நின்ற காற்றும்தான். மூக்கோரம் குமிழி, மூச்சில் சலசலப்பு, வாயில் பிசுபிசுப்பு என்றால் மார்புச்சளி. தோலில் மஞ்சளாகப் பொருக்கு விழுந்து பரவினால் மஞ்சள் பூஞ்சை நோயாக இருக்கலாம், அது இந்த விலங்குக்கு மிகப் பொல்லாதது. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது, மஞ்சள் பூசிப் பார்ப்பதில் கழியும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

மின்வெட்டுக்கு இங்கே பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. குளிர்நாட்டில் அது ஆபத்து. வன்னியில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் விலங்கு தாங்கும், அன்றைக்குப் பூச்சி கொடுக்காமல் விட்டால் போதும்.

வந்த முதல் இரண்டு கிழமை

புதிதாக வந்த விலங்கு கறுத்து, வயிற்றில் கோடு விழுந்து, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, சாப்பிடாமல் இருக்கும். அடுத்த வீட்டார் எல்லோரும் பார்க்க வருவார்கள், ஒவ்வொருவரும் கையில் எடுக்கக் கேட்பார்கள். இரண்டு கிழமைக்கு ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். பெட்டி, சூடு, ரியூப் எல்லாம் விலங்கு வருவதற்கு ஒரு கிழமை முன்பே எரிந்து, எண்கள் நிலைத்திருக்க வேண்டும். விலங்கை உள்ளே விட்டபிறகு செங்கல்லை நகர்த்திக்கொண்டிருக்கக் கூடாது. வந்த அன்று குசினித் தராசில் நிறுத்து எழுதுங்கள், பிறகு கிழமைக்கு ஒரு தரம், அதே நேரத்தில். வளர்ந்தது 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். வளர்ந்த விலங்கு ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தும் நிறை இறங்காவிட்டால் பொறுக்கலாம். குஞ்சு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பொறுக்க வேண்டாம். எச்சத்தில் மண்ணிறத் துண்டும் அதோடு வெள்ளைச் சுண்ணாம்புத் துண்டும் வரும். வெள்ளை மஞ்சளாகி இறுகினால் நீர் போதவில்லை. 34 பாகை அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓணானின் முழங்கை மூட்டளவுக்கு இருபது நிமிடம் நிறுத்துங்கள், பிறகு துடைத்துக் காயவிட்டுத்தான் பெட்டிக்குள். குடிக்கக் கொடுப்பது நீங்கள் குடிக்கும் வடிகட்டிய தண்ணீராக இருக்கட்டும், உவர்க் கிணற்று நீர் வேண்டாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஊர்வனவற்றில் சல்மனெல்லா கிருமி சாதாரணம். ஓணானின் பாத்திரத்தைக் குசினித் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தொடக் கொடுக்கக்கூடாது.

வைத்தியம் என்று வரும்போது, எங்கள் பக்கத்து மிருக வைத்தியர்கள் மாடும் ஆடும் கோழியும் பார்ப்பவர்கள். ஓணானைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டே பலர் போவதில்லை. மலத்தில் புழு முட்டை பார்க்கும் முறை ஆட்டுக்கும் ஓணானுக்கும் ஒன்றுதான், உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. வந்த முதல் கிழமையிலேயே, அன்றைய எச்சத்தைச் சிறு டப்பாவில் போட்டு, 24 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிடக்கூடாது. ஊசிப்புழு முட்டை ஒன்றிரண்டு இருந்தால் பதறத் தேவையில்லை, நிறைய இருந்தால் மருந்து. மருந்தின் அளவு நிறைக்கேற்ப, கிராம் கணக்கில், வைத்தியர் சொல்வதுதான். ஆட்டுக்குக் கொடுக்கும் புழுமருந்தைக் கண்ணளவில் வாயில் விடாதீர்கள். அதற்கு மேலே, எலும்பு எக்ஸ்ரே, மார்புச்சளி, பூஞ்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் கண்டி வரை போய், அதற்கு அப்பால். காற்றுத்துளை போட்ட காட்போட் பெட்டிக்குள் துவாயைச் சுருட்டிப் போட்டு, முதல் நாள் பின்னேரத்திலிருந்து பூச்சி கொடுக்காமல், விடியற்காலை பஸ்ஸில் கிளம்புங்கள். ஏசி பஸ் என்றால் பெட்டியைக் காற்றுத்துவாரத்துக்கு நேரே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறை எழுதிய கொப்பியையும், பெட்டியின் இரண்டு பக்கத்துச் சூட்டையும் ரியூப் வாங்கிய திகதியையும் குறித்த துண்டையும் கூடக் கொண்டுபோங்கள். அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.